1.8 கிலோவுக்குக் கீழே குழந்தை, பத்துக்குப் பத்து அறை: கங்காரு முறையை ராப்பகலா நடத்துறது எப்படி?

#1 நகரநர்ஸ்_கொடுங்கையூர்

மார்கழி நெருங்குது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லி, எழும்பூர்னு எந்த அரசு ஆஸ்பத்திரியில பிறந்தாலும், எடை குறைஞ்ச குழந்தைங்க கடைசியில வந்து சேர்றது வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எண்ணூர் பக்கத்து ஒத்த அறை வீட்டுக்குத்தான். "மார்போட வெச்சுக்கோம்மா"ன்னு சொல்லித்தான் அனுப்புறாங்க. குழந்தையைத் தோலோட தோல் படுற மாதிரி மார்புல கட்டி வெச்சுக்கிறதுதான் கங்காரு முறை. ஆனா வீட்டுல குழந்தை தூளியில கிடக்கும், மேல மூணு போர்வை இருக்கும், பாதம் மட்டும் ஜில்லுனு இருக்கும். கேட்டா "காலையில அரை மணி நேரம் வெச்சேனே"ன்னு பதில் வரும்.

கங்காரு முறை நல்லதா கெட்டதான்னு பட்டிமன்றம் வேண்டாம். எப்படிக் கட்டுறது, எதுல சாயுறது, எத்தனை மணி நேரம், யார் மாத்திப் பிடிக்கிறது, எங்க தப்பு நடக்குது? தெரிஞ்சவங்க அளவோட எழுதுங்க. வீடு வீடாப் போறவங்களுக்கு உதவும்.

#2 நைட்டூட்டி_சிஸ்டர்

கட்டுறதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்க்கா, தப்புல பாதி அங்கதான்.

குழந்தை உடம்புல தொப்பி, காலுறை, இடுப்புத்துணி, அவ்வளவுதான். சட்டை போட்டே தீருவேன்னா முன்பக்கம் முழுசாத் திறந்த, கையில்லாத சட்டை. அதையும் ரெண்டு பக்கமும் விரிச்சு விட்டுட்டுத்தான் வைக்கணும். அம்மா உள்பாடியைக் கழட்டணும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு நாமளே முழுங்கிடுறோம். அப்புறம் நைட்டிக்கு மேல பனியன் போட்ட குழந்தையை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நடுவுல துணி இருந்தா அது சும்மா தூக்கி வெச்சிருக்கிறதுதான்.

டயப்பர் போடுறவங்க கவனிக்கணும். கடையில கிடைக்கிற சின்ன அளவுகூட ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு நெஞ்சு வரைக்கும் வரும். பாதித் தோலை அதுவே மறைச்சிடும். மேல்விளிம்பைத் தொப்புளுக்குக் கீழ மடிச்சு விடுங்க. பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டுறது இதைவிட எவ்வளவோ மேல்.

குழந்தையை நெட்டுக்குத்தா ரெண்டு மார்புக்கும் நடுவுல வைக்கணும். தலை ஒரு பக்கமாத் திரும்பி, முகவாய் லேசா மேல தூக்கியிருக்கணும். முகவாய் நெஞ்சுல முட்டினா மூச்சுக்குழாய் மடங்கும், ரொம்பப் பின்னால சாஞ்சாலும் அதே ஆபத்து. தொடை ரெண்டும் அகண்டு மடங்கித் தவளை மாதிரி இருக்கணும், கையும் மடங்கியிருக்கணும். கட்டுத்துணியோட மேல்விளிம்பு காதுக்குக் கொஞ்சம் கீழ நிக்கணும், கீழ்விளிம்பு பிட்டத்துக்கு அடியில போகணும். துணியோட இறுக்கம் குழந்தையோட நெஞ்சுப் பக்கம் வரணும், வயித்துல வரக்கூடாது. இந்தக் குழந்தைங்களுக்கு மூச்சுக்கு வயிறுதான் ஏறி இறங்கும். அங்க இறுக்கினா மூச்சு திணறும்.

கட்டி முடிச்சதும் ஒரு கையைக் குழந்தைக்கு அடியில குடுத்துக்கிட்டு அம்மாவை எழுந்து நிக்கச் சொல்லுங்க. குழந்தை ஒரு விரல்கட்டை கீழ இறங்கினாலும் அவுத்துத் திரும்பக் கட்டணும். மூக்கும் வாயும் எந்நேரமும் கண்ணுக்குத் தெரியணும்.

தாலிச் சரடைச் சொல்லாம விட முடியாது. நம்ம பக்கம் சரடுல ரெண்டு மூணு ஊக்கு தொங்கும். குழந்தையோட கன்னம் சரியா அங்கதான் வந்து படியும். கழட்ட மாட்டாங்க, கழட்டச் சொல்லவும் வேண்டாம். ஊக்கை மட்டும் எடுத்துட்டு, தாலியைத் தோள் வழியா முதுகுப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னாப் போதும். புது மஞ்சள் கயிறுன்னா இன்னொரு தொல்லை: கன்னத்துல, நெஞ்சுல மஞ்சள் ஒட்டிக்கும், மஞ்சள் காமாலை பார்க்கும்போது கண்ணை ஏமாத்தும். ஸ்டிக்கர் பொட்டும் உதிர்ந்து குழந்தை மேல ஒட்டிக்கும், அதையும் பாருங்க.

#3 பேசின்பிரிட்ஜ்_பயோமெடிக்கல்

வார்மர், இன்குபேட்டர்னு குழந்தையைச் சூடா வைக்கிற மிஷின்களைப் பழுது பார்க்கிற ஆள் நான். எல்லா வீட்டுலயும் பெரியவங்க கேக்குற கேள்வியை எடுத்துக்கிறேன்: "நமக்கே வேர்த்து ஊத்துது, மெட்ராஸ்ல குழந்தைக்கு இன்னும் சூடு எதுக்கு?"

பெரியவங்க உடம்பை வெச்சுக் குழந்தையை அளக்கிறதுதான் தப்பு. 23 டிகிரி அறையில துணியில்லாம கிடக்குற பச்சைக் குழந்தை இழக்குற சூடு, 0 டிகிரியில துணியில்லாம நிக்கிற பெரியவர் இழக்குற சூட்டுக்குச் சமம்னு உலக சுகாதார நிறுவனத்தோட கையேடு சொல்லுது. மார்கழி, தை விடியக்காலையில நம்ம ஊரே 20, 21க்கு இறங்கும். எடைக்குத் தோலோட பரப்பு அதிகம், தலை பெருசு, தோலுக்கடியில கொழுப்பு இல்லை. நடுங்கிச் சூடு உண்டாக்கவும் வராது. தோள்பட்டை நடுவுலயும் சிறுநீரகத்தைச் சுத்தியும் இருக்குற பழுப்புக் கொழுப்பை எரிச்சுத்தான் சூடு வரணும். அது சேர்றது கடைசி மாசங்கள்ல. முன்னாடியே பிறந்த குழந்தைக்கு அந்தக் கையிருப்பும் இல்லை.

வீட்டுல சூடு எப்படிப் போகுது? ஈரத்தலை உலரும்போது போகும். இரும்புத் தராசுத் தட்டுலயோ வெறும் சிமென்ட் தரையிலயோ படுக்க வெச்சா போகும். ஃபேன் காத்துல போகும். நாலாவதுதான் யார் கண்ணுக்கும் படாது: தொடாமலே பக்கத்துச் சுவருக்குப் போகும். மழைத் தண்ணி ஊறின ஹவுசிங் போர்டு சுவர் ராத்திரியில நல்லா குளிர்ந்திருக்கும். அதை ஒட்டிப் பாயைப் போட்டா, காத்தே இல்லைன்னாலும் குழந்தை சுவருக்குச் சூட்டைக் குடுத்துக்கிட்டே இருக்கும். பாயைச் சுவர்ல இருந்து மூணு அடி தள்ளுங்க.

போர்வை சூட்டை உண்டாக்காது, இருக்குறதைத்தான் காக்கும். ஃபிளாஸ்க்குல பச்சத்தண்ணி ஊத்தி மூடி வெச்சா அது வெந்நீர் ஆகுமா? குளிர்ந்து போன குழந்தையை மூணு போர்வையில சுத்துறதும் அதே கணக்குதான். அம்மா உடம்பு 37 டிகிரியில நிக்கிற அடுப்பு. தெர்மோஸ்டாட்டும் உள்ளயே இருக்கு: குழந்தை குளிர்ந்தா அம்மா மார்போட தோல் சூடு கூடும், குழந்தைக்குச் சூடு ஏறினா இறங்கும். இதை எந்த மிஷின் கம்பெனியும் எனக்கு வித்ததில்லை.

குண்டு பல்பு, வெந்நீர் பாட்டில், சூடு பண்ணின உப்பு மூட்டை மூணும் வேண்டவே வேண்டாம். அந்தத் தோலுக்குத் தீக்காயம் வர நிமிஷக் கணக்குப் போதும்.

#4 பச்சிளம்_மருத்துவர்

எண்களை நான் தருகிறேன்.

அக்குளில் எடுக்கும் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. கடைத் தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட்டில் காட்டினால் 97.7 முதல் 99.5. 36.0 முதல் 36.4 வரை (96.8 முதல் 97.5) குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். 36க்குக் கீழே போனால் மிதமான தாழ்வெப்பம். 32க்குக் கீழே உயிருக்கு ஆபத்து.

குளிர்ந்த குழந்தை சூட்டுக்காகச் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் எரிக்கிறது. சர்க்கரை குறைந்தால் சோர்ந்துவிடும். சோர்ந்தால் பால் குடிக்காது. குடிக்காவிட்டால் இன்னும் குளிரும். இந்தச் சுழலைத் தொடக்கத்திலேயே அறுக்க வேண்டும்.

எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரைப்படி ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம், முடிந்த அளவு அதிகம். ஒரு தடவை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரம். அதற்குள் எடுத்து எடுத்து வைப்பது குழந்தைக்கு அலைச்சல்தான், பலன் இல்லை. "காலையில் அரை மணி நேரம்" கணக்கில் சேராது.

"குழந்தை தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்" என்ற பழைய எண்ணமும் மாறிவிட்டது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் 1.0 முதல் 1.799 கிலோ வரையுள்ள குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. பிறந்த உடனே தொடங்கிய பிரிவில் 28 நாட்களுக்குள் இறப்பு 12.0 சதவீதம். தேறிய பிறகு தொடங்கிய பிரிவில் 15.7. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். வீட்டில் செய்வது பாதுகாப்பா என்று கேட்பவர்களுக்கு ஹரியானா ஆய்வு இருக்கிறது: 1.5 முதல் 2.25 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே தொடங்கினார்கள், அங்கும் இறப்பு குறைந்தது. 2019இல் வெளிவந்தது.

ஒரு எச்சரிக்கை. மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்கு வீட்டில் இதைச் செய்து பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரி அனுப்பிய பிறகு, பால் குடித்து எடை ஏறும் குழந்தைக்கான பேச்சு இது.

#5 எம்சிரோடு_டெய்லர்

துணி விஷயம் நம்ம ஏரியா, அதனால உள்ள வர்றேன்.

எதுவும் வாங்க வேண்டாம். துவைச்சுத் துவைச்சுப் பூப்போல ஆன பருத்திப் புடவை போதும். ஆறு கஜம்னா அஞ்சரை மீட்டர். குறுக்கால பாதியா வெட்டினா ரெண்டே முக்கால் மீட்டர்ல ரெண்டு துண்டு வரும். அகலத்தை ரெண்டா மடிச்சா அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும், குழந்தையோட பிட்டத்துல இருந்து காதுக்குக் கீழ வரைக்கும் மட்டும் மூடுற மாதிரி மிச்சத்தை மடிச்சுக்குங்க. நெஞ்சைச் சுத்தி ரெண்டு சுத்து வந்து, முடிச்சுப் போட ரெண்டு சாண் மிஞ்சும். முதல் சுத்து பிட்டத்தைத் தாங்கணும், ரெண்டாவது சுத்து முதுகை அணைக்கணும். முடிச்சு அக்குளுக்குக் கீழ, பக்கவாட்டுல. முதுகுல போட்டா சாயும்போது குத்தும், ராத்திரி ஒரு மணிக்கு அந்த அம்மாவே அவுத்துப் போட்டுடுவா.

பாலியெஸ்டர், ஷிஃபான், பூனம் வேண்டாம். வேர்வை இழுக்காது, முடிச்சு வழுக்கும். பனியன் துணியில தைச்ச குழல் மாதிரி பட்டி இருக்கே, அது நல்ல ஐட்டம்தான். ஆனா நாள் போகப் போக இழுவை போயிடும். கையில இழுத்து விட்டா பழைய அளவுக்குத் திரும்பலைன்னா தூக்கிப் போடுங்க. வெல்க்ரோ வெச்ச பை விக்கிறாங்க. நாலு துவைப்புல நூலெல்லாம் அதுல சிக்கிப் பிடிமானம் விட்டுடும். ராத்திரி அதைப் பிரிக்கிற சத்தத்துல தூங்குற குழந்தை தூக்கிவாரிப் போடும்.

புதுத் துணின்னா ரெண்டு தடவை அலசிக் கஞ்சி போன பிறகு கட்டுங்க. மூணு துண்டு கையில இருக்கணும்: ஒண்ணு உடம்புல, ஒண்ணு கொடியில, ஒண்ணு மடிச்சு. அடைமழையில கொடியில காயாது, அப்ப நாலு.

நைட்டி ஜிப் பத்தியும் ஒண்ணு. முன்பக்க ஜிப் வசதிதான், ஆனா ஜிப்போட பல் குழந்தை காதுக்கு நேரா வரும். உள்பக்கம் ஒரு இஞ்சுப் பட்டி வெச்சுத் தைச்சுக்குங்க.

#6 கொருக்குப்பேட்டை_கேட்

டெய்லர் அண்ணே, ரயில்வே கேட் மூடி நிக்கிற நேரத்துல படிச்சேன், முழுசாப் படிச்சு முடிச்சும் கேட் திறக்கலை. 😄 விஷயத்துக்கு வர்றேன், சமூகப் பணியில இருக்குற ஆள் நான். பகல்ல கட்டிக்கிறாங்க. ராத்திரி தூங்குறதுதான் பிரச்சினை. கட்டில் இல்லை, தலகாணி ரெண்டுதான். என்ன வழி?

#7 நைட்டூட்டி_சிஸ்டர்

தட்டையாப் படுக்கக் கூடாது, 15ல இருந்து 30 டிகிரி சாய்வு வேணும். மூச்சு ஒழுங்கா இருக்கவும் அது உதவும், பால் மேல வர்றதும் குறையும்.

பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும்ல? அதைப் பாயோட தலைமாட்டுல குப்புறக் கவிழ்த்துங்க. உக்காருற பலகையோட முன்விளிம்பும் முதுகுச் சாய்மானத்தோட மேல்விளிம்பும் தரையில படும், சாய்மானத்தோட பின்பக்கம் சரிவா நிக்கும். அந்தச் சரிவுல ரெண்டு தலகாணி, மேல மடிச்ச ஜமுக்காளம். நாற்காலி நகராம இருக்க அதோட கால் பக்கம் சுவரை முட்டணும். அம்மா முதுகு நல்லாப் படிய, முட்டிக்கு அடியில சுருட்டின போர்வை. சிசேரியன் ஆனவங்களுக்கு முட்டிக்கடியில போர்வை கட்டாயம், இல்லைன்னா தையல் இழுக்கும். சரிவு ரொம்பச் செங்குத்தா இருந்தா இன்னொரு தலகாணி வெச்சுக் குறைச்சுக்குங்க.

பயோமெடிக்கல் சார் சொன்ன மூணு அடி இங்க இடிக்கும். சுவர்ல ஒரு கோணியோ பழைய போர்வையோ தொங்க விட்டாச் சரியாப் போகும்.

கட்டுத்துணி இல்லாம மார்ல சாய்ச்சுக்கிட்டே தூங்குறது மட்டும் கூடவே கூடாது. கை தளர்ந்ததும் குழந்தை பக்கவாட்டுல சரிஞ்சு மூக்கு அமுங்கும். சோபாவுல உக்காந்தபடியே தூங்குறது இன்னும் மோசம். குடிச்சிருக்கிறவங்க, தூக்க மாத்திரை போட்டவங்க ராத்திரி குழந்தையை வாங்கவே கூடாது. இதைச் சுத்தி வளைக்காம நேராச் சொல்லிடுங்க.

#8 பாலாடை

தாய்ப்பால் ஆலோசனைப் பக்கம் இருந்து. எல்லாரும் சூட்டைப் பத்தியே பேசுறீங்க, பால் உள்ள போகலைன்னா சூடு நிக்காது.

34 வாரத்துக்கு முன்னாடி பிறந்ததுங்களுக்கு உறிஞ்சுறது, முழுங்குறது, மூச்சு விடுறது மூணும் ஒண்ணா வராது. மார்ல போட்டா நக்கும், தூங்கிடும். குடிச்சிருச்சுன்னு வீட்டுல நினைச்சுக்குவாங்க. அதுக்குத்தான் பீச்சின பால், பாலாடை. ஆஸ்பத்திரிகள்லயும் இதைப் பாலாடைன்னேதான் கூப்பிடுறாங்க, நம்ம வீட்டுச் சங்கோட தம்பி.

1.6 கிலோ குழந்தைக்குக் கணக்கு: முதல் நாள் கிலோவுக்கு 60 மி.லி.ன்னா மொத்தம் 96. ரெண்டு மணிக்கு ஒரு தடவை, 12 தடவைன்னா தடவைக்கு 8 மி.லி. தினமும் கிலோவுக்கு 15, 20 மி.லி. ஏத்திக்கிட்டே போய், கிலோவுக்கு 150 வரும்போது மொத்தம் 240, தடவைக்கு 20. வீட்டுக்கு வர்ற நேரத்துல இந்த அளவுக்கு வந்திருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டுல வேற அளவு இருந்தா சீட்டுதான் கணக்கு.

குழந்தையை முக்கால் பாகம் நிமிர்த்திப் பிடிக்கணும். பாலாடையோட முனை உதட்டு ஓரத்துல, கீழ் உதட்டு மேல இருக்கணும். பால் உதட்டைத் தொடுற அளவுக்குத்தான் சாய்க்கணும். நாக்கு தானா வந்து வாங்கும், முழுங்கினதும் அடுத்தது. "சங்குல ஊத்துறது"ன்னு சொல்றோமே, அந்த 'ஊத்துறது'தான் ஆபத்து. மூக்கைப் பிடிச்சு, வாயைத் திறந்து ஊத்தினா நேரா நுரையீரலுக்குப் போகும். பாலாடையை முன்னாடி கழுவி, கொதிக்கிற தண்ணியில 10 நிமிஷம் போட்டு எடுங்க. பீச்சின பாலை நம்ம ஊர் சூட்டுல வெளியில நாலு மணி நேரத்துக்கு மேல வைக்க வேண்டாம். காய்ச்சவும் வேண்டாம், வெதுவெதுப்பு வேணும்னா வெந்நீர்க் கிண்ணத்துல பால் கிண்ணத்தை வைங்க.

கங்காரு கட்டுலயே இருக்கும்போது பாலும் நல்லா சுரக்கும். பீச்சுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் குழந்தை மார்ல இருந்தா வித்தியாசம் கிண்ணத்துலயே தெரியும்.

எடை: முதல் வாரத்துல பத்து சதவீதம் வரை குறையலாம். 10லிருந்து 14 நாளுக்குள்ள பிறந்த எடைக்குத் திரும்பணும். அதுக்கப்புறம் கிலோவுக்குத் தினம் 15 கிராம். இந்தக் குழந்தைக்கு நாளைக்கு 24 கிராம்.

#9 கொருக்குப்பேட்டை_கேட்

கழுதைப்பால்? தெருவுல கழுதையோட வந்து ஒரு சங்கு நூறு ரூபாய்க்கு மேல வாங்குறாங்க. "குரல் கணீர்னு வரும்"னு எல்லாரும் குடுக்குறாங்க.

#10 பாலாடை

1.6 கிலோ குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுகூடக் கூடாது. பச்சைப் பால், கழுவாத கை, பொதுச் சங்கு. உரைமருந்து, வசம்பு, சர்க்கரைத் தண்ணி எல்லாத்துக்கும் இதே பதில்தான்.

#11 பச்சிளம்_மருத்துவர்

அதே பட்டியலில் குளியலும் சாம்பிராணியும் சேரும். எண்ணெய் தேய்த்து, தலைக்கு ஊற்றி, பிறகு சாம்பிராணிப் புகை காட்டுவது இரட்டைக் கெடுதல்: முதலில் ஈரத்தில் சூடு போகிறது, பிறகு புகை நுரையீரலில் போகிறது. நிறைமாதக் குழந்தைக்கே பிறந்து 24 மணி நேரம் குளியல் கூடாது. இந்தக் குழந்தைகளுக்கு எடை ஏறும் வரை துடைத்து எடுத்தால் போதும், அதுவும் பகுதி பகுதியாக, மற்ற இடங்களை மூடியபடி, மதிய நேரத்தில். கொசுவத்தியும் அந்த அறையில் வேண்டாம். வலை போதும்.

பாட்டிமாரிடம் "குளிப்பாட்டாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. அவர்களுக்கு ஒரு பொறுப்புக் கொடுத்தால் எடுபடும். பாட்டியே மார்போடு வைத்துக்கொள்ளலாம்.

#12 நகரநர்ஸ்_கொடுங்கையூர்

டாக்டர், அதைக் கொஞ்சம் விரிச்சு எழுதுங்க. அப்பாங்களைப் பத்தியும். மாத்திப் பிடிக்க ஆள் இல்லைன்னா எட்டு மணி நேரம்கூட ஓடாது.

#13 பச்சிளம்_மருத்துவர்

காய்ச்சல், இருமல், நெஞ்சில் சொறி சிரங்கு இல்லாத யாரும் வைத்துக்கொள்ளலாம். நெஞ்சு முடி தடையில்லை. புகை பிடித்தவர் சட்டை மாற்றி, வாய் கொப்பளித்து, கை கழுவி வர வேண்டும். காசிமேட்டில் ஏலம் முடிந்து வரும் அப்பா முழங்கை வரை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் போதும். மீன் வாசம் குழந்தையை ஒன்றும் செய்யாது, நகத்திடுக்கு அழுக்குத்தான் செய்யும்.

மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மாதிரி: இரவு 10 முதல் காலை 6 வரை அம்மா, சாய்ந்த நிலையில், பால் கொடுத்தபடி. 9 முதல் 11 வரை பாட்டி. அந்த நேரத்தில் அம்மா குளித்துச் சாப்பிடட்டும். 11 முதல் 4 வரை அம்மா, நடுவில் ஒரு மணி நேரம் பாட்டி. மாலை 7 முதல் 10 வரை அப்பா. கூட்டினால் 18 மணி நேரம் வரும். மீதி நேரம் இடுப்புத்துணி மாற்ற, துடைக்க. குழந்தை வெளியே இருக்கும்போது தொப்பியோடு, துணி போட்டு, ஃபேனுக்கு நேராக இல்லாமல்.

அம்மா எழுந்து நடக்கலாம், காய் நறுக்கலாம். அடுப்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது. தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது.

இரட்டைக் குழந்தை என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் அம்மாவின் மார்பில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துக் கட்டலாம், அல்லது ஒன்று அம்மாவிடம், ஒன்று அப்பாவிடம்.

#14 எண்ணூர்_உப்புக்காத்து

மார்கழி சரி. சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் 38, 39 டிகிரி. அப்போதும் கட்டுவதா? எனக்கு இதில் சந்தேகம் இருக்கிறது. சூடு தேவை என்கிற வாதம் அந்த மாதத்தில் உடைகிறது.

#15 பேசின்பிரிட்ஜ்_பயோமெடிக்கல்

பாதி ஒத்துக்கிறேன். அறை 37க்கு மேல போயிட்டா அம்மா உடம்பும் சூட்டை வெளிய தள்ள வேர்வையைத்தான் நம்பணும். ரெண்டு உடம்பு ஒட்டியிருக்கிற இடத்துல வேர்வை உலராது. அப்ப தொப்பி, காலுறையைக் கழட்டுங்க, ஒத்தைச் சுத்து மெல்லிசு மல் துணி போதும், ஃபேன் சுவரைப் பார்த்து ஓடட்டும். கூரை மேல ஈரக் கோணி போட்டா அறை ரெண்டு மூணு டிகிரி இறங்கும். தெர்மாமீட்டர் 99.5 தாண்டினா அவுத்து, நிழலான இடத்துல லேசான துணியோட படுக்க வெச்சு, பால் குடுத்து அரை மணியில திரும்பப் பாருங்க. இறங்கலைன்னா அது அறைச் சூடு இல்லை, காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத்தான்.

#16 பச்சிளம்_மருத்துவர்

எண்ணூர் நண்பர் ஒன்றை விட்டுவிட்டார். சூடு மட்டும்தான் பயன் என்றால் அவர் சொல்வது சரி. மார்போடு இருக்கும் குழந்தையின் மூச்சும் இதயத்துடிப்பும் சீராகின்றன, பால் கூடுகிறது, நோய்த்தொற்று குறைகிறது. சித்திரையிலும் விடியற்காலை, இரவு நேரங்களை எடுத்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் விட்டுவிடலாம். வேர்க்குரு வந்தால் பவுடர் அடிக்காமல் துடைத்துவிட்டுத் துணியை மாற்றுங்கள்.

#17 எண்ணூர்_உப்புக்காத்து

விடியற்காலையும் இரவும் என்றால் ஏற்கிறேன். ஏ.சி. வீட்டுக்காரர்களையும் யாராவது திட்டுங்கள். 18இல் வைத்துவிட்டுக் குழந்தைக்குக் குல்லா போடுகிறார்கள்.

#18 நைட்டூட்டி_சிஸ்டர்

26, 27க்குக் கீழ வேண்டாம், காத்து நேரா படக்கூடாது. திட்டியாச்சு.

தெர்மாமீட்டரைப் பத்தி: டிஜிட்டல் போதும். நுனி அக்குள் குழியோட நடுவுல, தோலோட ஒட்டி இருக்கணும். கையை உடம்போட சேர்த்து அமுக்கிப் பிடிங்க, சத்தம் வர்ற வரைக்கும் விடாதீங்க. கங்காரு கட்டுலயே எடுக்கலாம், அவுக்க வேண்டியதில்லை. சூடு மூணு நாள் தொடர்ந்து நிலையா நிக்கிற வரைக்கும் ஆறு மணிக்கு ஒரு தடவை. அப்புறம் நாளைக்கு ரெண்டு தடவை.

தெர்மாமீட்டர் இல்லாத வீட்டுல புறங்கையை வெச்சுப் பாருங்க, முதல்ல வயிறு, அடுத்தது பாதம். ரெண்டும் வெதுவெதுன்னா நல்லது. வயிறு சூடு, பாதம் ஜில்லுனா குளிர் பிடிக்க ஆரம்பிச்சாச்சு, உடனே மாருக்கு. ரெண்டும் ஜில்லுனா மாரோட கட்டிக்கிட்டே கிளம்புங்க. 96.8ல இருந்து 97.5 வரை காட்டினா ஈரத்துணி மாத்தி, தொப்பி போட்டு, மாரோட வெச்சு, பால் குடுத்து ஒரு மணி நேரத்துல திரும்பப் பாருங்க. ஏறலைன்னாலும் கிளம்புங்க.

#19 கொருக்குப்பேட்டை_கேட்

கிளம்புறதுன்னா எதுல? ஆட்டோவுல ரெண்டு பக்கமும் காத்து அடிக்குமே.

#20 நகரநர்ஸ்_கொடுங்கையூர்

அவசரம்னா 108. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வர 102 தாய் சேய் ஊர்தி கேளுங்க. ஆட்டோதான் வழின்னா அம்மா நடு சீட்டுல, ரெண்டு பக்கமும் ஆள், கட்டுக்கு மேல முந்தானை, அதுக்கு மேல ஒரு சால்வை. குழந்தை மூக்கை மூடக்கூடாது. போற வழியிலயும் கட்டை அவுக்க வேண்டாம். அந்த வண்டியில வேற எந்த வார்மரும் இல்லை. 2023 மிக்ஜாம் புயல் மாதிரி நாள்கணக்கா கரன்ட் இல்லாத நாளுக்கும் இதே ஏற்பாடுதான்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகளை யாராவது ஒரே இடத்துல போடுங்க, சுவர்ல ஒட்டணும்.

#21 பச்சிளம்_மருத்துவர்

மூச்சு 20 நொடி நிற்பது, அல்லது உதடு நீலமாவது. அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சுக்குழி உள்ளிழுப்பது, முனகல். தொடர்ந்து இரண்டு தடவை பால் மறுப்பது. வலிப்பு. உள்ளங்கை, உள்ளங்காலில் மஞ்சள். வயிறு உப்பிப் பச்சை வாந்தி. தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ். சூடேற்றியும் ஏறாத குளிர். மூச்சு நின்றால் முதுகைத் தடவி, உள்ளங்காலைச் சுண்டி எழுப்பிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

#22 எம்சிரோடு_டெய்லர்

எப்ப நிறுத்துறது? சில பேர் மூணு மாசத்துக்கு அப்புறமும் துணி வாங்க வர்றாங்க.

#23 நைட்டூட்டி_சிஸ்டர்

குழந்தையே சொல்லிடும் அண்ணே. 2.5 கிலோவோ, 40 வாரக் கணக்கோ வர்ற சமயத்துல கை காலை வெளிய இழுக்கும், நெளியும், வேர்க்கும், கட்டினாலே அழும். அப்ப கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுட்டு, குளிச்ச பிறகு, குளிர் ராத்திரின்னு மட்டும் வெச்சுக்கலாம். குழந்தை நெளியலைன்னா 2.5 ஆனதுக்காக அவுக்கணும்னு இல்லை.

#24 எம்சிரோடு_டெய்லர்

நன்றி சிஸ்டர். என் முந்தைய பதிவுல ஒண்ணு விட்டுப்போச்சு. புடவை இல்லாதவங்க ஒரு மீட்டர் சதுரத் துணியை மூலைக்கு மூலை மடிச்சுக் கட்டலாம்னு கையேட்டுல இருக்கு. அதோட நீளம் 141 செ.மீ. தான் வரும். மார்சுற்றளவு 90ஐ தாண்டினவங்களுக்குக் குழந்தையையும் சேர்த்தா முடிச்சுக்கு நுனிக்கு ஒரு சாண்கூட மிஞ்சாது, நழுவும். அவங்களுக்கு 1.2 மீட்டர் சதுரம் வெட்டுங்க, மூலைக்கு மூலை 170 வரும். ஓரத்தை மடிச்சுத் தைக்கும்போது நூல் பிசிறு உள்பக்கம் விட்டுடாதீங்க, குழந்தை விரல்ல சுத்திக்கும்.